ஆறாம் குழியில் நானும் நாத்தனாரும்

பிப்ரவரி 3, சனி

மருந்துக்கடையில் விடுப்பு சொல்லிவிட்டு நூலகத்தின் பின்பக்க மைதானத்துக்குப் போனேன். அங்கே புதுக் கட்டடம் வரப்போகிறது. அதற்கு முன் மண்ணுக்கடியில் பழைய காலத்து மிச்சம் ஏதாவது இருக்கிறதா என்று தோண்டிப் பார்க்கிறார்கள். விருப்பமுள்ளவர்கள் உதவிக்கு வரலாம் என்று நோட்டீஸ் ஒட்டியிருந்தது. இருபது பேர் சேர்ந்திருந்தோம். தொல்லியல் அதிகாரி ஒரு பெண். எல்லோரும் மேடம் என்கிறார்கள். பட்டியலைப் பார்த்து இரண்டிரண்டு பேராகப் பிரித்தார். ஆறாம் குழி என்று என்னைக் காட்டினார். பிறகு எனக்குப் பின்னால் யாரையோ காட்டினார். திரும்பினேன் — நாத்தனார்.

ஐந்து வருஷமாக எங்களோடு பேச்சுவார்த்தை இல்லாத, இவருடைய ஒரே தங்கை. தொப்பியும் தண்ணீர் பாட்டிலுமாக நிற்கிறாள், கசப்பு மருந்தை விழுங்கிய முகத்தோடு. என் முகம் எப்படி இருந்ததோ.

பிப்ரவரி 4, ஞாயிறு

அவள் சுரண்டுகிறாள், நான் சல்லடையில் சலிக்கிறேன். நாள் முழுக்கப் பேசியது மூன்று வார்த்தை. "கூடை." "நகருங்க." "போதும்."

பக்கத்துக் குழியில் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். கூடை நிறைந்ததும் "போலாம் ரைட்" என்று குரல் கொடுக்கிறார். அவள் களுக்கென்று சிரித்தாள். நானும். ஒருவரையொருவர் பார்த்ததும் இரண்டு பேருமே வாயை மூடிக்கொண்டோம்.

இவரிடம் அவளைப் பற்றிச் சொல்லவில்லை. வெயிலில் கறுத்துவிட்டாய் என்றார். ஆமாம் என்றேன்.

பிப்ரவரி 10, சனி

என் சல்லடையில் முதல் பானை ஓடு! கட்டைவிரல் அளவுதான். விளிம்பில் யாரோ நகத்தால் கீறியது போல ஒரு கோடு. மண்ணைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். இதைச் செய்தவளுக்கு நகம் இருந்திருக்கிறது, அவசரம் இருந்திருக்கிறது — கோடு ஓரிடத்தில் சறுக்கியிருக்கிறதே. எத்தனை வருஷத்துக்கு முந்தைய சறுக்கல்!

டாக்டர்களின் கையெழுத்தையே படிப்பவள் என்று தெரிந்ததும் மேடம் குழியின் பதிவேட்டை என்னிடம் கொடுத்துவிட்டார். எந்த ஆழத்தில் என்ன மண், என்ன கிடைத்தது என்று எழுத வேண்டும். இன்று கடைசி வரி: வடக்கு மூலையில் மண் இளக்கமாக இருக்கிறது, சலிக்கும்போது கட்டியே இல்லை.

பிப்ரவரி 11, ஞாயிறு

காலையிலிருந்து ஒன்றும் கிடைக்கவில்லை. மதியம் மேடம் வந்தார். மற்ற குழிகளுக்கு ஆள் போதவில்லை, இதை மூடிவிடலாம் என்றார். சல்லடையைக் கீழே வைக்க எனக்கு மனம் வரவில்லை. ஒரு குழிக்காகவா இப்படி?

நாத்தனார் எழுந்திருக்கவே இல்லை. வடக்கு மூலையில் மண் வேறு நிறம் என்றாள். மேடம் குனிந்து பார்த்தார். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை, எனக்கும்தான். அவள் தையல்காரி. ஒரே பச்சை என்று கடைக்காரர் சத்தியம் செய்யும் இரண்டு நூல்களைத் தனித்தனியாக எடுத்து வைப்பாள். பாட்டிலைத் திறந்து, இஸ்திரி போடுமுன் துணிக்குத் தெளிப்பது போல விரலால் தண்ணீர் தெளித்தாள். மண் ஊறியது. கறுப்பாக ஒரு வளைவு மெல்லத் தெரிந்தது.

நான் பதிவேட்டை நீட்டினேன். நேற்று எழுதிய கடைசி வரி. அதே மூலை.

மேடம் இரண்டு முறை படித்தார். அடுத்த சனிக்கிழமை சாயங்காலம் வரை தருகிறேன் என்றார்.

போகும்போது நாத்தனார், "நல்லவேளை எழுதி வச்சீங்க" என்றாள். அண்ணி என்று சொல்லவில்லை. பரவாயில்லை.

பிப்ரவரி 14, புதன்

இருமல் மருந்து கேட்டு வந்தவரிடம் "எத்தனை நாளா?" என்பதற்குப் பதிலாக "எத்தனை அடியில?" என்று கேட்டுவிட்டேன்.

பிப்ரவரி 17, சனி

எதை முதலில் எழுத? முறையாக எழுதுகிறேன்.

காலையில் இருவரும் மண்டியிட்டு அந்த வளைவைச் சுரண்டிக்கொண்டிருந்தோம். தலை நிமிராமலே கேட்டாள்.

"அம்மாவுக்கு முடியலைன்னு ஏன் எனக்கு முன்னாடியே சொல்லல?"

ஐந்து வருஷம் காத்திருந்த கேள்வி. உள்ளதைச் சொன்னேன்.

"ரெண்டு நாள்ல வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடலாம்னு டாக்டர் சொன்னாரு. உங்க அண்ணன் போனைக் கையில எடுத்துட்டாரு. அப்ப வெளியூர்ல இருந்த உன்னைப் பதற வைக்க வேண்டாம்னு நான்தான் தடுத்தேன். மறுநாள் காலையில அவங்க போயிட்டாங்க. தப்பு என்னோடது."

"அண்ணன் இதைச் சொல்லவே இல்லையே."

"சொல்ல மாட்டாரு. நானாவது சொல்லியிருக்கணும். பயந்துட்டேன்."

அவள் ரொம்ப நேரம் சுரண்டிக்கொண்டே இருந்தாள். மூக்கை உறிஞ்சினாள். பிறகு, "சல்லடையைப் பிடிங்க அண்ணி" என்றாள்.

மூன்று மணிக்கு அவள் சுரண்டும் கரண்டி எதிலோ பட்டு ணங்கென்றது. பிரஷ்ஷால் தள்ளத் தள்ளச் சுட்ட மண்ணின் சிவப்பு விளிம்பு வட்டமாக ஓடியது, முழு வட்டம்! மேடம் ஓடி வந்து குழிக்குள் இறங்கி, தொட்டுப் பார்த்து, அப்படியே உட்கார்ந்துவிட்டார். உறைகிணறு. சுட்ட வளையங்களை ஒன்றின்மேல் ஒன்றாக இறக்கிக் கட்டிய கிணறு. குடிக்கத் தண்ணீர் இருந்தால் வீடுகள் இருந்திருக்கும், தெரு இருந்திருக்கும் என்றார். கண்டக்டர் விசில் அடித்தார். நாத்தனார் என் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள். எப்போது பிடித்தாள் என்று இருவருக்குமே தெரியாது.

பிப்ரவரி 18, ஞாயிறு

இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தடுத்தது நான்தான் என்று அவளிடம் சொல்லிவிட்டதையும். சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்தார். கடைசியில் கேட்டது ஒன்றே ஒன்று. "அவ கண்ணாடி போட்டிருக்காளா இப்ப?"

பிப்ரவரி 25, ஞாயிறு

ஐந்து வளையம் ஆயிற்று. கட்டட வரைபடத்தை மாற்றிக் கிணற்றை அப்படியே விடப் போகிறார்களாம். அடுத்த ஞாயிறு மக்கள் பார்வைக்கு. விளக்கிச் சொல்ல நாத்தனார். நானா? எனக்கு நாலு பேர் முன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

இவரை வாருங்கள் என்றேன். வேலை இருக்கிறது என்றார். என்ன வேலையாம், ஞாயிற்றுக்கிழமை?

மார்ச் 3, ஞாயிறு

நல்ல கூட்டம். கயிறு கட்டியதற்கு உள்ளே நின்று நாத்தனார் கணீரென்று விளக்கினாள். தண்ணீர் தெளித்த கதைக்குக் கை தட்டினார்கள். யாருக்காவது சந்தேகம் இருக்கிறதா என்று கேட்டாள்.

கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல். "இன்னும் கீழ போகுதாங்க?"

இவர். துவைத்த சட்டை, சீவிய தலை, யாரோ போல.

அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, திரும்பப் போட்டுக்கொண்டாள்.

"போகுதுண்ணா. நாங்க அஞ்சு வளையம்தான் இறங்கியிருக்கோம்."

அவள் கயிற்றை உயர்த்திப் பிடித்தாள்.

"அங்கேர்ந்து தெரியாது. உள்ள வந்து பாரு."

மார்ச் 4, திங்கள்

கடையிலிருந்து வந்தால் வாசலில் மண் ஒட்டிய செருப்பு. உள்ளே அண்ணனும் தங்கையும் தெருவுக்கே கேட்கும்படி வாக்குவாதம், அது குடிக்கிற கிணறா, துவைக்கிற கிணறா என்று. ஒரே ஒரு தடவை எட்டிப் பார்த்தவர், அதற்குள் பெரிய நிபுணர். என்னைத் தீர்ப்புச் சொல்லச் சொன்னார்கள். டீ போடுகிறேன் என்று தப்பித்து வந்து, அடுப்பு மேடையில் வைத்து இதை எழுதுகிறேன்.