உன் பங்கு பிராந்தி

அன்பு செல்வின், என் மச்சானே,

நீ போன பிறகு வரும் மூன்றாவது மழைக்காலம் இது. இத்தனை நாளும் உன்னிடம் மனதுக்குள் பேசியதெல்லாம் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டதுதான். இன்று நாலு பேர் படிக்கும்படி எழுதுகிறேன். உன்னைப் பற்றி நாலு பேர் பேசியது தப்பு என்று தெரிந்திருந்தவன் நான் ஒருவன்தானே.

பழவங்காடியில் நம் எலெக்ட்ரிக்கல் கடை அப்படியே இருக்கிறது. நான் இன்னும் கவுண்டரில்தான். நீ வீடு வீடாகப் போய்ச் செய்த வயரிங் வேலைக்கு இப்போது வேறொருவர் வருகிறார். நல்ல மனிதர். ஆனாலும் அவர் கூப்பிட்டால் நீ என்று நினைத்துத்தான் திரும்புகிறேன்.

நாம் கடைசியாகச் சேர்ந்து குடித்த அன்று ஒண்ணாம் தேதி. மாதத்தின் முதல் நாள் நம் ஊரில் மதுக்கடைகள் திறப்பதில்லை. வேலை முடிந்த ஒரு வீட்டின் மொட்டை மாடியில் சாயங்காலம் உட்கார்ந்தோம். யாரிடமிருந்தோ நீ வாங்கி வந்த குப்பியில் லேபிள் கிடையாது. மூடியில் கொஞ்சம் ஊற்றித் தீக்குச்சியைக் காட்டினாய். நீலமாக எரிந்தது.

"பாத்தியால மணி? நல்ல சரக்குதான். பயப்படாண்டாம்."

பிறகு டூல்ஸ் பையிலிருந்து ஒரு குவாட்டர் பிராந்தியை எடுத்தாய். முந்தின நாள் கடையில் வாங்கியது. நாம் இரண்டு பேரும் பங்கு போடுவோம் என்று நினைத்தேன். நீ முழுதையும் என் பக்கம் தள்ளினாய்.

"உனக்கு வயித்துல புண்ணு. இத முதல்ல குடி. அப்புறம் அது கொஞ்சம் போதும்."

"அப்ப உனக்கு?"

"எனக்கு எது ஆனாலும் சாரமில்ல, பரவாயில்ல."

நான் இரண்டாவது தடவை கேட்கவில்லை. பிராந்தியைக் குடித்து முடித்தேன். அதன் பிறகு, கொஞ்சம் போதும் என்று நீ சொன்னதையும் கேளாமல், அந்தக் குப்பியை உன்னோடு சரிபாதியாகக் குடித்தேன். அந்தச் சரக்கின் மேல் உனக்கு ஏதாவது சந்தேகம் இருந்ததா, செல்வின்? இருந்துதான் நல்லதை எனக்குக் கொடுத்தாயா?

மறுநாள் காலையில் நீ வழக்கம்போல வந்தாய். சிரித்தாய். மத்தியானம் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு, "லே மணி, லைட்டப் போடு" என்றாய். கடையில் எல்லா ட்யூப்லைட்டும் எரிந்துகொண்டிருந்தன.  "எல்லாம் வெள்ளையாட்டு இருக்குல. உன் மொகம் தெரியல்ல" என்று கண்ணைக் கசக்கினாய்.

ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். உனக்கு மூச்சு இரைத்தது. உன்னைப் பரிசோதித்த பெண் டாக்டர் என் பக்கம் திரும்பி மலையாளம் கலந்த தமிழில் கேட்டார்.

"நீங்களும் அதே குப்பியிலருந்து குடிச்சோ?"

"ஆமா டாக்டர்."

"அதுக்கு முன்ன வேற ஏதாவது?"

"பிராந்தி."

அவர் என்னையும் படுக்கச் சொன்னார். என் மூக்கில் குழாய் போட்டு எனக்குள் இறக்கியதும் சாராயம்தான், தெரியுமா? சுத்தமான எத்தனாலை அளந்து தந்தார்கள். டயாலிசிஸும் செய்தார்கள். உனக்கும் எல்லாம் செய்தார்கள். மறுநாள் விடியும்போது நீ இல்லை.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் அந்த டாக்டர் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னார். நாம் குடித்தது மெத்தனால். மணமும் ருசியும் ஏறக்குறைய எத்தனால் மாதிரியே இருக்கும். கொளுத்திப் பார்த்தும் கண்டுபிடிக்க முடியாது. உடம்புக்குள் போனதும் ஈரல் அதை ஃபார்மிக் அமிலமாக மாற்றுகிறது. அந்த அமிலம்தான் கண் நரம்பைக் கெடுக்கிறது, ரத்தத்தைக் கெடுக்கிறது. எத்தனாலும் கூட இருந்தால் ஈரல் முதலில் அதைத்தான் எடுத்துக்கொள்ளும். மெத்தனால் விஷமாக மாறாமல் காத்துக் கிடக்கும்.

"அந்தப் பிராந்திகொண்டு உங்களுக்குக் கொஞ்சம் நேரம் கிடைச்சு. அதுக்குள்ள இங்க வந்துட்டீங்க. அதனாலதான். பிராந்தி குடிச்சா தப்பிக்கலாம்னு யாரும் நினைக்கண்டாம்."

போஸ்ட்மார்ட்டம் முடிந்து உன்னைக் கொடுக்க நாளாயிற்று; நான் ஆஸ்பத்திரியிலிருந்து நேராக உன் ஊர் பாறசாலைக்கு அடக்கத்துக்கு வந்தேன். கல்லறைத் தோட்டத்தில் பேசிக்கொண்டார்கள். "செல்வின் ஆசப்பட்டு கூடுதல் குடிச்சிட்டான். மணி அளவோட நிறுத்தினான், தப்பிச்சான்." என் காதுபடத்தான் பேசினார்கள். நான் மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றேன். உன் அப்பா குழிக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. அதன் பிறகு உன் மனைவி ஸ்டெல்லாவையும் மகள் ஜெனியையும் அவர் பார்க்கவும் வரவில்லை. "குடிச்சு செத்தவன் பேச்சு இந்த வீட்டுல வேண்டாம்" என்றாராம்.

போன வாரம் உன் வீட்டுக்குப் போயிருந்தேன். ஜெனி இப்போது பிளஸ் டூ. கெமிஸ்ட்ரியில் ஆல்கஹால் பாடம் நடக்கிறது. புத்தகத்தை என்னிடம் காட்டினாள்.

"மாமா, மெத்தனாலுக்கு ஒரு கார்பன், எத்தனாலுக்கு ரெண்டு. அவ்வளவுதான் வித்தியாசம்." புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினாள். பிறகு கேட்டாள். "நீங்களும் அப்பாவும் ஒண்ணுதானே குடிச்சீங்க? அப்பாக்கு மட்டும் எப்படி?"

ஸ்டெல்லா அடுக்களை வாசலில் நின்றிருந்தாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். 

"அப்போ அப்பா ஆசப்பட்டு கூடுதலா குடிக்கல்ல?" என்றாள் ஜெனி.

"இல்ல மக்களே. எனக்குச் சமமாத்தான் குடிச்சான். தனக்கு வச்சிருந்த நல்லத எனக்குத் தந்துட்டான்."

அவள் புத்தகத்தை மூடிவிட்டு உள்ளே போனாள். ஸ்டெல்லா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"அவிய அப்படித்தான். வீட்டுலயும் நல்ல மீன் துண்ட எனக்குத்தான் வைப்பாவ." பிறகு என்னை நேராகப் பார்த்தாள். "ஆனா அண்ணன் இத்தன நாளும் எதுக்கு மிண்டாம, வாயத் தொறக்காம இருந்திய? ஊரு பேசுனது உங்களுக்குக் கேக்கலியா?"

கேட்டது. உன் நல்ல மனசால் பிழைத்தவன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. அளவோடு குடித்தவன் என்ற பேர் எனக்கு வசதியாகவும் இருந்தது. ஸ்டெல்லா காப்பி கொண்டுவந்து வைத்தாள். நான் கிளம்பும்போது வாசலுக்கு வரவில்லை. நேற்றுத்தான் போன் செய்தாள். "ஞாயிற்றுக்கிழம அண்ணனுக்கு வேலை உண்டா?" என்று மட்டும் கேட்டாள். உன் அப்பாவைப் பார்க்கப் போகத்தான் என்று எனக்குப் புரிந்தது.

ஞாயிறு ஆராதனை முடிந்து உன் அப்பா சர்ச்சிலிருந்து வெளியே வரும்போது ஸ்டெல்லாவும் ஜெனியும் நானும் வாசலில் நிற்போம். அவர் என்னைத் திட்டட்டும். முகத்தைத் திருப்பிக்கொண்டு நடக்கட்டும். நானும் கூடவே நடப்பேன். அவர் மகன் எப்படிப்பட்டவன் என்பதை, அவர் காது கொடுக்கிறவரை சொல்லிக்கொண்டே நடப்பேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

உன் ஸ்டெல்லா இன்னும் அண்ணன் என்று கூப்பிடுவதால்
இப்போதும் உனக்கு மச்சானாக இருக்கும்,
மணி