ஓடைக்கு அக்கரையில் நின்ற மூஸ்

அக்டோபர் 3

ஒன்பது வருடம் இந்த வேட்டை முகாமில் சமையல்காரி. இன்று முதல் வழிகாட்டி. வசந்தத்தில் தேர்வு எழுதி உரிமம் வாங்கியதை முகாம் முதலாளி ஆஸ்டின் இப்போதுதான் நம்பியிருக்கிறார்.

மதியம் ஹெலிகாப்டர் வேட்டைக்கு வந்தவர்களை இறக்கிவிட்டுப் போனது. என் பொறுப்பில் ஒருவர். ஹார்லன், பென்சில்வேனியா, அறுபத்தெட்டு வயது. பள்ளிப் பேருந்துகளைப் பழுதுபார்த்து ஓய்வு பெற்றவர். இடது முழங்கால் மடங்காது. இதற்கு முன் இரண்டு முறை வேறெங்கோ மூஸ், அதாவது குதிரை உயரக் காட்டுமான், வேட்டைக்குப் போய் வெறுங்கையோடு திரும்பியிருக்கிறார்.

செஸ்லி பதினெட்டு வருட வழிகாட்டி. சும்மா இருப்பானா? எல்லார் முன்னாலும், "பெர்னிஸ், மூஸ் வந்தா உட்கார வெச்சு டீ ஊத்திக் கொடுத்துடாதே" என்றான். நானும் சிரித்தேன். அது தப்பு.

அக்டோபர் 4

மழை பக்கவாட்டில் அடிக்கிறது. மரப்பட்டைக் குழலை வாயில் வைத்துப் பெட்டை மூஸ் போல ஒன்பது மணி நேரம் கூப்பிட்டேன். காற்றுதான் பதில் சொன்னது. ஹார்லன் நனைந்த ரொட்டியைத் தின்றுவிட்டு "நல்லா இருக்கு" என்றார். எது நல்லா இருக்கு?

அக்டோபர் 5

மூடுபனி. நீட்டிய கை தெரியவில்லை.

அக்டோபர் 6

மழையோடு பனிக்கட்டி. செஸ்லி கூட்டிப்போனவர் பத்து மணிக்கே ஒன்றைச் சுட்டுவிட்டார். சாயங்காலம் நாலு தொடையும் முகாம் வாசலில் தொங்கின. அந்தப் பக்கம் பார்க்காமல் உள்ளே போனேன்.

"உன் ஆளு எப்படி இருக்காரு?" என்று கேட்டான் செஸ்லி.

"நல்லா இருக்காரு."

"மூஸு?"

குனிந்து பூட்ஸைக் கழற்றினேன். "தூக்க ஆள் வேணும்னா சொல்லு. வெக்கப்படாதே" என்றான். பல்லைக் கடித்துக்கொண்டேன். உன்னைக் கூப்பிடுவேனா நான்?

கால் ஒரு இடத்தில் நிற்கவில்லை. உட்கார்ந்தால் எழத் தோன்றுகிறது, எழுந்தால் எங்கே போவதென்று தெரியவில்லை. ஹார்லன் அடுப்போரம் காலுறையைக் காயப்போட்டுக்கொண்டு சீட்டியடிக்கிறார். இந்த மனிதருக்குக் கோபமே வராதா? என்னை நாலு வார்த்தை திட்டினாலாவது நிம்மதியாக இருக்கும்.

அக்டோபர் 7

வந்தது. நாலு மணிக்கு. பெரிய ஆண் மூஸ். ஓடைக்கு அக்கரையில், சதுப்பின் ஓரத்தில், குட்டை மரங்களுக்கு நடுவிலிருந்து வெளியே வந்து நின்றது. நூற்றைம்பது அடி கூட இருக்காது. கொம்பிலிருந்து நீர் சொட்டியது.

ஹார்லன் துப்பாக்கியைத் தாங்குகோலில் வைத்து, "இப்பவா?" என்று கிசுகிசுத்தார்.

அது சரியாக நிற்கவில்லை. பொறுக்கச் சொன்னேன். காற்று திரும்பியது. எங்கள் வாடை பட்டதும் தலையைத் தூக்கியது. போய்விட்டது.

அவ்வளவுதான். வேறு யாராயிருந்தாலும் பொறுக்கத்தான் சொல்லியிருப்பார்கள்.

அக்டோபர் 8

புயல். கதவைத் திறக்க முடியவில்லை. எல்லோரும் உள்ளேயே.

காலையில் செஸ்லி கதை கேட்டான். நான் வாயைத் திறப்பதற்குள் ஹார்லன் முந்திக்கொண்டார். "தப்பு என்னுடையது. கையுறையைக் கழட்டறதுக்குள்ள அது போயிடுச்சு. பெர்னிஸ் எனக்காக எவ்வளவோ பார்த்தாங்க."

"ஐயோ, அப்ப கொம்புக்குப் பதிலா கையுறையைத்தான் சுவரில் மாட்டணும்" என்றான் செஸ்லி. எல்லாரும் சிரித்தார்கள். ஹார்லனும் சிரித்தார். காது மட்டும் சிவந்திருந்தது.

அவர் கையில் கையுறையே இல்லை. எனக்குத் தெரியும். ஏன் பொய் சொன்னார்?

அடுப்பை மூன்று முறை துடைத்தேன். புதுச் சமையல்காரர், "அம்மா, அது என் அடுப்பு" என்று சொல்லித் துணியைப் பிடுங்கிக்கொண்டார்.

அக்டோபர் 9

நேற்று முன்தினம் எழுதியது பொய். என் நோட்டிலேயே எனக்குப் பொய்.

அது சரியாகத்தான் நின்றது. முழுப் பக்கத்தையும் காட்டிக்கொண்டு. ஒரு குழந்தை கூடச் சுட்டிருக்கும்.

நான் மூஸைப் பார்க்கவில்லை. ஓடையைப் பார்த்தேன். வெள்ளம் இடுப்பு வரைக்கும். அதற்கப்புறம் சதுப்பு. முகாமுக்கு மூன்று கிலோமீட்டர். நானூறு கிலோ உடம்பை அறுத்து, முதுகில் கட்டி, இந்த மழையில்... மடங்காத காலோடு அவரால் ஒரு கிலோ கூடத் தூக்க முடியாது. எல்லாம் என் தலையில். யார் தூக்குவது, யார் தூக்குவது என்று மனசுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. வாய் "பொறுங்க" என்றது. அப்புறம் இன்னொரு முறை. இரண்டாவது முறை அது போய்விட வேண்டும் என்று நினைத்தேனா?

நினைத்தேன்.

இன்று கடைசி நாள். ஆறு மணி நேரம் கூப்பிட்டேன். தொண்டை கட்டிப்போனது. ஒன்றும் வரவில்லை. ஹார்லன் வெந்நீர்க் குப்பியை நீட்டி, "குடிங்க, குரல் போயிடப் போகுது" என்றார். வாங்க முடியவில்லை.

அக்டோபர் 10

சொல்லிவிட்டேன்.

காலையில் ஹெலிகாப்டருக்குக் காத்திருந்தோம். பெட்டி மேல் உட்கார்ந்திருந்தார். நின்றபடியே கொட்டினேன். அது பக்கவாட்டில் நின்றது, நான் சுமைக்குப் பயந்தேன், அதனால்தான் பொறுக்கச் சொன்னேன்.

மடங்காத காலை நீட்டித் தேய்த்தபடி சொன்னார்.

"அது எப்படி நின்னுச்சுன்னு எனக்கும் தெரிஞ்சது. எனக்குத் தெரியாத எதையோ நீங்க பாத்துட்டீங்கன்னு நினைச்சேன். அதுக்குப் பின்னாடி யாராவது ஆள் இருக்காங்களோன்னு. உங்களை நம்பினேன். மத்தவங்க உங்களைக் கேலி பண்ணிடக் கூடாதுன்னுதான் கையுறைக் கதையெல்லாம்."

"மன்னிச்சிடுங்க."

"என்கிட்ட கேட்டிருக்கலாமே? இவ்வளவு தூரம் தூக்கணும், முடியாதுன்னு சொல்லியிருந்தா, நானே வேண்டாம்னு சொல்லியிருப்பேன். சொல்லாமலும் இருந்திருப்பேன். அது நான் எடுக்க வேண்டிய முடிவுங்க."

அந்தக் குரலை இந்த ஏழு நாளில் ஒரு தடவை கூடக் கேட்டதில்லை. கோபம் வராதா என்று கேட்டேனே. வந்தது. நிம்மதியாகவெல்லாம் இல்லை.

ஹெலிகாப்டர் வந்ததும் பைலட் பக்கத்தில் ஏறிக்கொண்டார். கையசைக்கவில்லை.

ஆஸ்டினிடமும் சொன்னேன். அவர் தாடியைச் சொறிந்துகொண்டு, "அடுத்த வருஷம் அடுப்பா, காடா? நீயே யோசிச்சுச் சொல்லு" என்றார்.

அக்டோபர் 14

வீடு. இங்கேயும் உட்கார முடியவில்லை. வீட்டுக்காரர் லாயிட் கேட்டார், "ஒரு மிருகம் உயிரோட போச்சு. அதுக்கா இப்படிக் குறுக்கும் நெடுக்கும் நடக்கற?"

மிருகத்துக்காக இல்லை என்றேன். வேறு எதற்கு என்று கேட்கவில்லை. கட்டியவர் இல்லையா, தெரியும்.

நவம்பர் 3

முகாமைப் பூட்ட ஆஸ்டினோடு போனேன். குளிரில் உறையாமல் இருக்க அவர் குழாய்த் தண்ணீரை வடித்துக்கொண்டிருக்கும்போது, முதுகுச் சுமைச் சட்டத்தில் நாற்பது கிலோ கல்லைக் கட்டிக்கொண்டு அந்த இடத்துக்கு நடந்தேன். பைத்தியம் என்றார். இருக்கட்டும்.

வெள்ளம் வடிந்து ஓடை தொடை வரைக்கும்தான் இருந்தது. தண்ணீர் கத்தி மாதிரி அறுத்தது. சதுப்பில் இரண்டு முறை விழுந்தேன், ஒரு முறை அழுதேன். அக்கரையிலிருந்து முகாம் வந்து சேர இரண்டேகால் மணி நேரம்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். அன்றைய வெள்ளத்தில், தனியாக என்னால் முடிந்திருக்காது. என் பயம் பொய்யில்லை. ஆனால் செஸ்லியும் வந்திருந்தால் இரண்டு நாளில் முடிந்திருக்கும். அவன் வந்தும் இருப்பான். கிண்டல் பண்ணிக்கொண்டே வந்திருப்பான். அந்தக் கிண்டலைக் கேட்க மாட்டாமல்தான் ஒரு மனிதருடைய மூஸை ஓட்டிவிட்டேன். சுமையின் பாரம் கூடக் காரணம் இல்லை.

நவம்பர் 6

ஹார்லனுக்குக் கடிதம். ஐந்து தாள் கிழித்துப் போட்டு, கடைசியில் எட்டு வரி. கல்லோடு நடந்தது, ஓடையின் ஆழம், செஸ்லியைக் கூப்பிட மனம் வராதது. மன்னிப்பு மறுபடி கேட்கவில்லை. ஒரு முறை கேட்டாயிற்று.

டிசம்பர் 12

பதில் இல்லை.

ஜனவரி 20

தபால்காரி என்னைப் பார்த்ததும் தலையை ஆட்டிவிடுகிறாள். இனி வாசலுக்குப் போகக் கூடாது.

ஜனவரி 21

போனேன்.

மார்ச் 2

காலையில் ஆஸ்டின் போன் பண்ணினார். ஹார்லன் இந்த வருஷ வேட்டைக்குச் செப்டம்பர் கடைசி வாரத்தைக் கேட்டிருக்கிறாராம்.

"யாரு வழிகாட்டின்னு கேட்டாரா?" என்றேன்.

"அதெல்லாம் கேக்கலை. ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாரு. இடுப்பு வரைக்கும் வர்ற ரப்பர் பூட்ஸ் கொண்டு வரணுமான்னு. நான் என்ன சொல்லட்டும்?"

"கொண்டு வரச் சொல்லுங்க."

"அப்ப நீ காடுதான்?"

"காடுதான்."

போனை வைத்துவிட்டுக் கோட்டை மாட்டிக்கொண்டேன். செஸ்லி வீடு வரைக்கும் போக வேண்டும். அந்த வாரம் எனக்குச் சுமக்க ஒரு ஆள் வேண்டும் என்று கேட்க வேண்டும். என்னென்ன சொல்லிச் சிரிப்பான் என்று எனக்கு இப்போதே தெரியும். லாயிட் வண்டியைக் கிளப்பிவிட்டார், ஹாரன் அடிக்கிறார்.