கணக்கில் ஏறாத விரிப்புகள்

அன்புள்ள உங்களுக்கு,

இங்கே நானும் மகளும் நலம். அங்கே நீங்களும் உங்கள் வலது முட்டியும் நலமா? முட்டியைத் தனியாக விசாரிப்பதற்குக் காரணம் இருக்கிறது. பிறகு சொல்கிறேன்.

உங்கள் அறையில் கூட இருக்கிற எலக்ட்ரீஷியன் தம்பி லீவு முடிந்து வியாழக்கிழமை கிளம்புகிறார். அவர் கையில்தான் இதைக் கொடுத்தனுப்புகிறேன். போனிலேயே சொல்லியிருக்கலாமே என்பீர்கள். போனில் நீங்கள் ஹலோவுக்கு அடுத்தபடியாகச் சொல்வது சரி சரி என்பதுதான். பின்னால் நாலு பேர் பேசிக்கொண்டிருப்பார்கள். இது அப்படிச் சொல்கிற விஷயம் இல்லை. கிரேன் மேலே உட்கார்ந்துகொண்டு இதைப் பிரிக்க வேண்டாம். அறைக்கு வந்து, குளித்து, சாப்பிட்ட பிறகு படியுங்கள்.

எனக்கு ஆஸ்பத்திரி வேலை முடிய இன்னும் பதினோரு மாதம். சலவைப் பகுதிக்குப் புது மெஷின் வந்திருக்கிறது, வாரத்தில் நாலு நாள் மூச்சு விடுகிறது, மூன்று நாள் படுத்துவிடுகிறது. ஈரத் துணியைக் கையால் இழுத்துப் போட்டு மணிக்கட்டு வீங்கிக் கிடக்கிறது. வீட்டுக்கு வந்தால் செருப்பைக் கழற்றக்கூடக் குனிய முடியவில்லை. அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிடுகிறேன். மகள் வந்துதான் விளக்கைப் போடுகிறாள்.

ஓய்வு பெறப் போகிறவர்களுக்கு ஆபீசில் ஒரு சீட்டு கொடுத்தார்கள். நிதி ஆலோசகர் ஒருவரிடம் ஒன்றரை மணி நேரம் பேசலாம், பாதிக் கட்டணம் ஆஸ்பத்திரி கட்டும், மீதியை நாம் கட்ட வேண்டும். பேசுவதற்குக் காசா என்று சீட்டை இழுப்பறையில் போட்டுவிட்டேன். நமக்கு மூன்று பாலிசி விற்ற சிரிப்பு சார் பதினெட்டு வருஷமாக ஓசியில்தானே யோசனை சொல்கிறார். மகள் விடவில்லை. ஓசியில சொல்றவர் யாரு நல்லதுக்குச் சொல்றார்னு என்னைக்காவது யோசிச்சியாம்மா என்று கேட்டாள். எனக்கு எரிச்சலாக வந்தது. ஆனால் அதே வாரம்தான் நீங்கள் போன் செய்து, கம்பெனியில் வேலையை இன்னும் மூன்று வருஷத்துக்கு நீட்டிக்கிறார்கள், மாதக் கடைசிக்குள் கையெழுத்துப் போட வேண்டும் என்றீர்கள். போடறதா வேண்டாமா என்று நீங்கள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. போனை வைத்த பிறகு இழுப்பறையைத் திறந்து சீட்டை எடுத்தேன்.

ஆலோசகரின் ஆபீஸ் ஒரு செருப்புக் கடைக்கு மேலே மாடியில் இருக்கிறது. ஒரு மேசை, ஒரு மின்விசிறி, வருகிறவர்களுக்கு இரண்டு நாற்காலி. ஆலோசகர் நம் மகள் வயதுப் பெண். இவளிடமா நம் முதுமையை ஒப்படைப்பது என்று நினைத்தேன், வெளியே சொல்லவில்லை. முதல் வார்த்தையே, நான் எதையும் விக்கலைம்மா, நீங்க எதை வாங்கினாலும் எனக்குக் கமிஷன் கிடையாது, இந்த ஃபீஸ் மட்டும்தான், அதனால எதையும் ஒளிக்காம காட்டுங்க என்றாள். இரண்டாவது நாற்காலியைப் பார்த்து, சார் வரலையா என்று கேட்டாள். நீங்கள் இருக்கிற தூரத்தைச் சொன்னேன். காலியாக இருந்தது ஒரு மாதிரி இருந்ததால் என் பையைத் தூக்கி அதில் வைத்தேன்.

முதலில் ஒரு படிவம். மாதச் செலவு, இரண்டு பேருக்கு. என் செலவை மளமளவென்று எழுதிவிட்டேன். உங்கள் பக்கம் வந்தபோது பேனா நின்றுவிட்டது. நீங்கள் இப்போது எத்தனை வேளை சாப்பிடுகிறீர்கள், என்ன மாத்திரை போடுகிறீர்கள், டீயில் சர்க்கரை போட்டுக்கொள்கிறீர்களா, எதுவும் எனக்குத் தெரியவில்லை. நீங்கள் அங்கே போய் இருபத்தொரு வருஷம். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை நாற்பது நாள் வருவீர்கள். அந்த நாற்பது நாளும் விருந்தாளியைக் கவனிக்கிற மாதிரிதான் கவனித்திருக்கிறேன். அந்தப் பெண் பார்த்துவிட்டு, பரவால்லைம்மா, உங்க செலவையே ரெண்டா போட்டுக்கலாம் என்றாள். எனக்கு வெட்கமாக இருந்தது.

பிறகு காகிதங்களைக் கேட்டாள். இங்கேதான் நான் உங்களிடம் சொல்ல வேண்டியது வருகிறது. நான் இரண்டு கட்டு கொண்டுபோயிருந்தேன். ஒன்று உங்களுக்குத் தெரிந்தது. இன்னொன்று உங்களுக்குத் தெரியாது. அது பன்னிரண்டு வருஷமாகப் பழைய குக்கர் பெட்டிக்குள் இருக்கிறது.

எங்கள் சலவைப் பகுதியில் ஒரு வழக்கம் உண்டு. நூறு விரிப்பு வந்தால் தொண்ணூறுதான் இருப்புப் புத்தகத்தில் ஏறும். பத்தை மேல் தட்டில் ஒதுக்கிவிடுவோம். வார்டுக்காரர்கள் வாங்கிக்கொண்டு போவதைத் திருப்பித் தரமாட்டார்கள். இருக்கிறது என்று தெரிந்தால் அதையும் கேட்பார்கள். திடீரென்று நாற்பது பேர் அடிபட்டு வந்தால் அன்றைக்குப் போட விரிப்பு வேண்டுமே. அதனால் யார் கேட்டாலும் இல்லை என்பதுதான் எங்கள் முதல் பதில். நான் சேர்ந்த அன்றே கற்றுக்கொண்டது இது. எனக்குக் கீழே வந்தவர்களுக்கும் இதைத்தான் சொல்லிக் கொடுத்தேன்.

உங்கள் தம்பி கடை வைக்கிறேன் என்று வாங்கிப்போனாரே, ஞாபகம் இருக்கிறதா? கடையும் இல்லை, காசும் இல்லை. பாவம், அவன் என்ன பண்ணுவான் என்று நீங்கள் அடுத்த தடவையும் கொடுத்தீர்கள். உங்கள் மனசு அப்படி. அவர் கேட்டால் உங்களுக்கு இல்லை என்று சொல்ல வராது. அன்றிலிருந்து நான் வீட்டையும் சலவைப் பகுதி மாதிரி நடத்த ஆரம்பித்தேன். என் சம்பளத்தில் கொஞ்சம், நீங்கள் அனுப்புவதில் கொஞ்சம் மேல் தட்டுக்கு, அதாவது நான் தனியாகத் தொடங்கிய வங்கிக் கணக்குக்குப் போனது. குக்கர் பெட்டியில் இருப்பது அதன் காகிதங்கள்தான். நீங்கள் ஒன்பது வருஷத்துக்கு முன்னால் காலண்டர் தாளின் பின்பக்கம் ஒரு தொகையை எழுதி, இது சேர்ந்துட்டா மறு விமானத்துல ஏறிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். ஒவ்வொரு வருஷமும் போனில், எவ்வளவு சேர்ந்திருக்கு என்று கேட்பீர்கள். நான் புத்தகத்தில் இருப்பதை மட்டும் சொல்வேன். இன்னும் கொஞ்சம்தான், இழுத்துடலாம் என்பீர்கள்.

அந்தப் பெண் இரண்டு கட்டையும் பிரித்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அரை மணி நேரம் கணக்குப் போட்டாள். சிரிப்பு சார் கடைசியாகத் தலையில் கட்டிய பாலிசி நமக்குத் தேவையே இல்லை என்றாள். குக்கர் பெட்டிப் பணம் அப்படியே முடங்கிக் கிடந்ததில், விலைவாசி ஏற ஏற, கொஞ்சம் தேய்ந்து போயிருக்கிறது என்றாள். வைத்தியச் செலவுக்கென்று ஒரு பங்கைத் தொடாமல் வைக்க வேண்டும், இருவருக்கும் எண்பத்தைந்து வயது வரைக்குமான செலவை எழுதிப் பார்க்கலாம் என்றாள். எல்லாம் எழுதி முடித்துக் காகிதத்தை என் பக்கம் திருப்பி, இவ்வளவு இருக்கும்போது சார் ஏன்மா இன்னும் அங்க இருக்கார் என்று கேட்டாள். நீங்கள் எழுதிவைத்த தொகையைச் சொன்னேன். அது நாலு வருஷத்துக்கு முன்னாடியே சேர்ந்திடுச்சே என்றாள்.

அவள் குறையாகச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள். நாலு வருஷம். அதற்குள் நீங்கள் வேலையை இரண்டிரண்டு வருஷமாக நீட்டி இரண்டு தடவை கையெழுத்துப் போட்டுவிட்டீர்கள். அந்தப் பெண் முன்னால் அழுதுவிட்டேன். தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள். மேசை இழுப்பறையில் இருந்து இன்னொரு காகிதம் எடுத்து, உங்கள் தம்பிக்கென்றும் ஒரு வரி எழுதினாள். இவ்வளவு கொடுக்கலாம், திரும்பி வராதுன்னு நினைச்சே கொடுங்க, இதுக்கு மேல கிடையாதுன்னு சொல்ல சாருக்கு இந்தக் காகிதம் துணையா இருக்கும் என்றாள். பன்னிரண்டு வருஷமாக நான் பயந்த பயத்துக்கு ஒரே ஒரு வரி போதுமாக இருந்தது. இதை உங்களிடம் நேராகப் பேசியிருந்தால் அப்போதே முடிந்திருக்கும்.

முதலில் உங்கள் தம்பிக்குப் பயந்துதான் மறைத்தேன். பிறகு அதைச் சொல்ல வெட்கப்பட்டு மறைத்தேன். ஒரு தடவை குறைத்துச் சொன்ன பிறகு அடுத்த வருஷமும் குறைத்துத்தானே சொல்ல வேண்டியிருக்கிறது. வேறு ஒன்றும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் நிரந்தரமாக வந்துவிட்டால் இரண்டு பேரும் என்ன பேசிக்கொள்வோம் என்று எனக்குக் கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

ஆலோசகரைப் பார்த்துவிட்டு வந்த அன்று சாயங்காலம் எலக்ட்ரீஷியன் தம்பி வீட்டுக்கு வந்தார். அண்ணனுக்கு ஏதாவது கொடுத்தனுப்பணுமான்னு கேக்கத்தான் வந்தேன் என்றவர், பேச்சுவாக்கில், அண்ணன் இப்ப நல்லா நடக்கிறாரு அண்ணி, போன வருஷம் ஏணியில சறுக்கினப்பதான் நாங்க பயந்துட்டோம் என்றார். எனக்குத் தெரியும் என்று நினைத்துச் சொல்லிவிட்டார். முழுசாகக் கேட்டு வாங்கினேன். கிரேனுக்கு ஏறுகிற நாற்பது படி ஏணி, மழை, இருபதாவது படியில் கால் சறுக்கி ஒரு கையில் தொங்கியிருக்கிறீர்கள். முட்டி அப்போது அடிபட்டதுதான். என்னிடம் வாயுப் பிடிப்பு என்றீர்கள். ஆக, நீங்களும் கணக்கில் ஏற்றாமல் ஒன்றை மேல் தட்டில் வைத்திருக்கிறீர்கள். உங்களைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் இல்லை. நான் உண்மைத் தொகையைச் சொல்லியிருந்தால் போன வருஷம் நீங்கள் அந்த ஏணியில் ஏறியே இருக்க வேண்டியதில்லை.

முட்டிக்குப் போடுகிற பட்டை இரண்டு வைத்திருக்கிறேன். அறையில் இருக்கும்போது மட்டும் போடுங்கள், ஏணிக்குப் போட்டுக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். மகள் விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள். இந்தக் கடிதத்தில் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். சீக்கிரம் எழுதி முடிம்மா என்று இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டுப் போனாள்.

ஆலோசகர் பெண் போட்ட கணக்கின் நகலை இதோடு இணைத்திருக்கிறேன். இரண்டு கட்டும் அதில் இருக்கிறது. வீட்டில் இனி மேல் தட்டு கிடையாது. நீங்களே கூட்டிப் பாருங்கள், என்னை நம்ப வேண்டாம். கடைசிப் பக்கத்தில் இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டுமாம். அடுத்த மாதம் பதினெட்டாம் தேதி காலை பத்தரைக்கு நேரம் வாங்கியிருக்கிறேன். மாடிப்படி பதினாறு, கைப்பிடி இருக்கிறது, மெதுவாக ஏறலாம். இந்தத் தடவை பையை என் மடியில் வைத்துக்கொள்கிறேன்.

அந்த மூன்று வருஷக் காகிதத்தில் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள். இதைப் படித்ததும் உங்களுக்குக் கோபம் வரும், வர வேண்டியதுதான். போனில் வேண்டாம். நாலு வருஷத்துக்கான திட்டு எனக்குப் பாக்கி இருக்கிறது, தவணை இல்லாமல் மொத்தமாக வாங்கிக்கொள்கிறேன். என்னைத் திட்டுவதற்காவது வாருங்கள்.

ஏணியில் கால் பதித்து, கையைக் கெட்டியாகப் பிடித்து இறங்குங்கள் என்ற வேண்டுதலோடு,

உங்கள் சலவைக்காரி