நாலு மடங்கு போதும்

கோக்ஜார், நரின்
3 செப்டம்பர் 2006

அன்புள்ள கூர்க்கண்ணனுக்கு அண்ணியின் சலாம்.

நலமா? ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா, இல்லை பிஷ்கெக்கில் ரொட்டியும் டீயுமாகவே பொழுது போகிறதா? இந்தப் பெயர் சொல்லி உன்னைக் கூப்பிட்டு இரண்டு வருஷம் ஆகிறது. நான் மருமகளாக வந்த வாரம், "புருஷன் வீட்டு ஆம்பளைங்க பேரு உன் வாயில வரக்கூடாது, மெதெருக்கு வேற பேரு வை"ன்னு உன் அம்மா சொன்னதும் வைத்தது. பறக்கிற காடையின் கண்ணைக்கூடப் பார்த்துவிடுவாயே, அதனால்தான்.

உன் அண்ணன் போனபிறகு அவருடைய ரைஃபிளை நான்தான் எடுக்கிறேன். இந்த வருஷம் ஓநாய் பட்டிக் கதவு வரை வருகிறது. வெறும் கண்ணால் குறி பார்த்தால் குழல் முனை எனக்கு இரண்டாகத் தெரிகிறது. அதோடு நவம்பர் ஐந்தாம் தேதி உன் அண்ணனுக்கு நினைவு விருந்து. போன வருஷமே கொடுத்திருக்க வேண்டியது, முடியவில்லை. விருந்தில் இலக்குச் சுடும் போட்டி உண்டு, அவர் இடத்தில் நான் சுடப்போகிறேன். பக்கத்து வீட்டு ஷாப்தன், "ஏய், இலக்கு பயந்து ஓடிரப்போவுது, கட்டிப் போடுங்கப்பா"ங்கறார். சிரிக்கட்டும்.

நீ துப்பாக்கிச் சாமான் கடையில் இருக்கிறாய். விலை குறைவாக, ஆனால் ஏமாற்றாத ஸ்கோப் ஒன்று பார்த்து வாங்கு. வேட்டைக்கும் ஆகவேண்டும், இலக்குக்கும் ஆகவேண்டும். ஒரு ஆட்டை விற்று ஜீப் டிரைவர் ஒரோஸிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன்.

இன்னொன்று. நாள் சாயும்போது மேட்டு விளிம்பிலிருந்து யாரோ "ஷிரல்கா!" என்று கூப்பிடுகிறார்கள். வேட்டையாடி வருகிறவனிடம் எதிர்ப்படுகிறவன் இறைச்சியில் பங்கு கேட்கிற அதே கூப்பாடு. ஏறிப் போய்ப் பார்த்தால் ஆளில்லை. குரல் உன் அண்ணனுடையது போலவே இருக்கிறது. அவரைக் கள்ள வேட்டைக்காரன் எவனோ சுட்டுவிட்டான் என்று எழுதிப் போலீஸ் மூடிவிட்டது. எவன் என்று தெரியாமல் எனக்கு நிம்மதி இல்லை, கூர்க்கண்ணா. அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் போனவன் நீ, எட்டிக்கூடப் பார்க்கவில்லை. விருந்துக்காவது வா.

உன் அண்ணி
கனிஷாய்


பிஷ்கெக்
17 செப்டம்பர் 2006

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் கொஞ்ச நேரம் பிரிக்காமலே வைத்திருந்தேன். மன்னியுங்கள். சாப்பிடுகிறேன், உங்கள் கை நூடுல்ஸ் மாதிரி இங்கே எங்கே கிடைக்கும்?

ஸ்கோப் ஒரோஸிடம் வருகிறது. எங்கள் கடைச் சரக்கு உங்கள் பணத்துக்கு எட்டாது, அதனால் பஜார் முழுக்க அலைந்தேன். ஒருவன் பன்னிரண்டு மடங்கு பெரிதாக்குவதை நீட்டி, "அண்ணே, இதுல பாத்தா நிலாவுல ஈ ஒக்காந்தாக்கூடத் தெரியும்" என்றான். "நிலாவுல ஓநாய் இல்லப்பா" என்று சொல்லி நகர்ந்துவிட்டேன். நான் வாங்கியது நாலு மடங்கு, கூட்டவும் குறைக்கவும் முடியாதது. திருகுவதற்கு எதுவும் இல்லை, அதனால் கெடுவதற்கும் அதிகம் இல்லை. ஐஸ் பெட்டியில் ஒரு நாள் போட்டு எடுத்து, கொதிக்கிற கெட்டிலின் ஆவியில் காட்டினேன். வெளியே வியர்த்தது, உள்ளே துளி மூட்டம் இல்லை. மிச்சப் பணத்துக்கு உறுதியான பிடிப்பு வளையங்கள் வாங்கினேன். வளையம் ஆடினால் தங்கத்தில் ஸ்கோப் செய்தாலும் வீண். கண்ணுக்கும் கண்ணாடிக்கும் நாலு விரல் இடைவெளி விடுங்கள், இல்லையென்றால் புருவம் கிழியும். நூறு மீட்டரில் மூன்று மூன்றாகச் சுட்டு, குண்டு விழும் பக்கம் பார்த்துத் திருகைச் சரிசெய்யுங்கள்.

யார் சொன்னாலும் பன்னிரண்டு மடங்கு வாங்காதீர்கள், அண்ணி. பெரிதாக்க ஆக்கச் சுற்றி இருப்பது மறைந்துவிடும். காட்டுக் கிடாவைத் தோளில் போட்டுக்கொண்டு ஒருவன் விளிம்பில் நடந்தால் கொம்பும் மயிரும்தான் கண்ணாடியை நிறைக்கும். கீழே இருக்கிற கால் தெரியாது. நாலு போதும். எதுவென்று பார்ப்பதற்காகத் துப்பாக்கியைத் தூக்காதீர்கள். முதலில் வெறும் கண், அப்புறம்தான் கண்ணாடி.

விருந்துக்கு வரமுடியுமா தெரியவில்லை. கடையில் சீசன் நேரம்.

உங்கள்
கூர்க்கண்ணன்


கோக்ஜார்
4 அக்டோபர் 2006

அன்புள்ள கூர்க்கண்ணா,

ஸ்கோப் பத்திரமாக வந்தது. நல்ல சாமான், உன் கைக்கு முத்தம். முதல் மூன்று குண்டு இடப்பக்கம் ஒரு சாண் தள்ளி விழுந்தது. திருகினேன். அடுத்த மூன்றையும் ஒரு டீக் கோப்பையால் மூடிவிடலாம். ஷாப்தன் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "காத்து ஒத்தாசை பண்ணிருக்கு"ன்னார். "அப்ப காத்தையே விருந்துக்குக் கூப்புடுங்க"ன்னேன். நாலாம் நாள் ஒரு ஓநாய் விழுந்தது. தோல் வாசலில் காய்கிறது.

உன் கடிதத்தைப் பலமுறை படித்தேன். ஒரு வரியைத் தாண்டமுடியவில்லை.

உன் அண்ணனுக்கு இடுப்பு வலி. கிடா விழுந்தால் காலில் கயிறு கட்டி இழுத்துக்கொண்டுதான் வருவார். மேய்ப்பர்கள் அவர் உடலைக் கண்டபோதும் கிடாவின் காலில் கயிறு இருந்தது. இழுத்துக்கொண்டு வரும்போது குண்டு பட்டது என்றுதான் ஊர் முழுக்க நம்புகிறது. போலீஸ் கிடாவைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. உரித்தது நான். தோள்பட்டைக்குப் பின்னால் உன் அண்ணன் சுட்ட ஓட்டை இருந்தது, கழுத்தில் இன்னொரு ஓட்டை. அந்தக் குண்டு கிடாவின் கழுத்தைத் துளைத்து அவருடைய பிடரிக்குப் போயிருக்கிறது. அன்றைக்கு அதைத் தோளில்தான் போட்டிருந்தார். இதை நான் இதுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை.

அன்று மதியமே நீ மலையிலிருந்து இறங்கிவிட்டதாகச் சொன்னாய். தோளில் இருந்தது உனக்கு எப்படித் தெரியும்?

அந்தக் கோடையில் பன்னிரண்டு மடங்கு ஸ்கோப் வாங்கி ஊர் முழுக்கக் காட்டித் திரிந்தாயே, அது எங்கே?

பதில் போடு. கெஞ்சிக் கேட்கிறேன்.

உன் அண்ணி
கனிஷாய்


பிஷ்கெக்
15 அக்டோபர் 2006

அண்ணி,

நான்தான்.

இரண்டு வருஷமாக இந்த ஒரு சொல்லை எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன். அந்த வரியைத் தெரிந்து எழுதினேனா, கை தானாக எழுதிவிட்டதா, எனக்கே தெரியவில்லை.

மதியம் இறங்கவில்லை. அண்ணன் தெற்குப் பக்கம், நான் வடக்குப் பக்கம். நாள் சாய்ந்துகொண்டிருந்தது. விளிம்பில் கொம்பு தெரிந்தது. ஸ்கோப்பைப் பன்னிரண்டுக்குத் திருகினேன். கண்ணாடி முழுக்கக் கொம்பும் கழுத்தும். சுட்டேன். விழுந்ததும் குதித்துக்கொண்டு ஓடினேன், அண்ணி. சிரித்துக்கொண்டே ஓடினேன்.

அவருக்கு உயிர் இருந்தது. என்னைப் பார்த்தார். திட்டவில்லை. "ஷிரல்கான்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா குடுத்திருப்பேனேடா" என்றார். சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. நான் அவர் தலையைத் தூக்கி மடியில் வைப்பதற்குள் போய்விட்டார்.

கிடா என்று நினைத்துச் சுட்டது தெரியக்கூடாது என்று, தோளில் இருந்ததைப் புரட்டிவிட்டுக் காலில் கயிறு கட்டியவன் நான். மேய்ப்பர்கள் பார்க்கட்டும் என்று அவரை அங்கேயே விட்டு இறங்கியவனும் நான். அந்த ஸ்கோப்பை ஆற்றில் போட்டேன்.

கடையில் ஒவ்வொரு ஸ்கோப்பையும் நான்தான் சோதித்துக் கொடுக்கவேண்டும். எதற்குள் கண்ணை வைத்தாலும் கொம்பு எழும்புகிறது. வெறும் சுவரைப் பார்த்தாலும் எழும்புகிறது. உங்களுக்கு வாங்கியதில் மட்டும் எழும்பவில்லை, அதனால்தான் அதை எடுத்தேன்.

என்ன செய்யச் சொல்கிறீர்களோ செய்கிறேன்.

மெதெர்


கோக்ஜார்
24 அக்டோபர் 2006

மெதெர்,

ஆமாம், உன் பெயரை எழுதுகிறேன். பதினெட்டு வருஷத்தில் முதல் தடவை. புருஷன் வீட்டு ஆளின் பெயரைத்தான் சொல்லக்கூடாது.

உன் கடிதத்தைத் தொழுவத்தில் உட்கார்ந்து படித்தேன். அலறினேன், ஆடுகளெல்லாம் மிரண்டு மூலையில் ஒண்டின. தவறிச் சுட்டதை என்றைக்காவது பொறுத்துக்கொள்வேனோ என்னவோ. அந்தக் குளிரில் அவரைத் தனியாகப் போட்டுவிட்டு வந்து, மறுநாள் என் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாயே. அதற்கு என்னிடம் மன்னிப்பு இல்லை.

மேட்டில் கேட்கிற குரல் யாருடையது என்று இப்போது தெரிகிறது. வேட்டை ஆடியவன் பங்கு கேட்பானா? எதிரே வருகிறவன்தான் கேட்பான். உங்கள் இரண்டு பேருக்கும் ஒரே குரல், நான்தான் ஏமாந்தேன். உயிரோடு இருக்கிறவனின் குரல் மலையில் அலைகிறது.

ஒரோஸிடம் ஒரு பொட்டலம் வருகிறது. அந்தக் கிடாவின் கழுத்து இறைச்சி. முதலில் எதிர்ப்பட்டவன் பங்கு எடுக்காமல் வேறு யாரும் தொடக்கூடாது என்று உப்பிட்டு உலர்த்தி இரண்டு வருஷமாக வைத்திருந்தேன். அவரைச் சுட்டவன்தான் அவருக்கு முதலில் எதிர்ப்பட்டவன், அவன் எவனாக இருந்தாலும் அவன் கையில் கொடுக்கவேண்டும் என்றிருந்தேன். கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன் என்றாரே, அவர் சொல் பொய்யாகக் கூடாது. வாங்கிக்கொள்.

ஐந்தாம் தேதி இலக்கு நட்டதும், முதல் குண்டுக்கு முன்னால், உன் கடிதத்தைச் சபையில் படிக்கச் சொல்வேன். நீயே வந்து உன் வாயால் சொன்னால் படிக்க வேண்டியிருக்காது. அதற்கப்புறம் ஊரும் சட்டமும் சொல்வதைச் சொல்லட்டும்.

அன்று காலையிலிருந்து கணவாய்ப் பாதையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். நீ வாங்கிக்கொடுத்த ஸ்கோப்பில் இருநூறு மீட்டரில் முகம் தெரிகிறது. பயப்படாதே. துப்பாக்கியிலிருந்து கழற்றி, கையில் பிடித்துத்தான் பார்ப்பேன்.

கனிஷாய்