ஏறாமல் விட்ட கோபுரம்

ஆவணி 4, புதன்

வெயில் குறையவில்லை. மோட்டார் ரிப்பேர். ஆள் வரவில்லை.

சென்னையிலிருந்து மகன் செந்தில் போன். "சனிக்கிழமை வாரேன்ப்பா. என் கேம் பெட்டிய ஆபீஸ்ல ஒருத்தன் கேக்குறான். அங்க சும்மாதான கெடக்கு?"

"ஆமாம்" என்றேன். ஏன் சொன்னேன்? தினமும் மத்தியானம் நான் அதை டி.வி.யில் மாட்டி ஆடுவது என் மனைவி கமலாவுக்கு மட்டும் தெரியும்.

ஆவணி 5, வியாழன்

மேகமூட்டம். கேமில் மூன்றாவது நகரம். பழைய காலம், நான் முக்காடு போட்ட ஒற்றன்.

குறை: ஊர் மாறினாலும் வேலை அதேதான். கோபுரம் ஏறு, ஒட்டுக்கேள், ஒருவன் பின்னால் போ, வைக்கோலில் குதி. மறுபடி கோபுரம். சலிப்புத்தான். ஆனால் ஒரே போர்களை ஒரே வரிசையில் வருடா வருடம் வகுப்பில் நடத்திய சரித்திர வாத்தியார் நான் இதைச் சொல்லலாமா?

நிறை: தெருக்கள். மாசி வீதிச் சந்துகள் போலவே சாயங்கால வெளிச்சம். கூட்டத்தில் யார் கண்ணிலும் படாமல் நடப்பது. இது எனக்குப் பிடித்திருக்கிறது.

செந்தில் கல்லூரி நாட்களில் கேமில் இதே தெருக்களில் ஓடுவான். பின்னால் நான், பேப்பரை விரித்து, பேப்பருக்கு மேலாகப் பார்ப்பேன். ஒருநாள் "காவக்காரன் வாரான்டா" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். திரும்பிப் பார்த்துச் சிரித்தான். அந்தச் சிரிப்புக்காகத்தான் ஆடுகிறேனோ என்னவோ.

கமலா: "இன்னும் எம்புட்டு நேரம் செவுத்துல பல்லி மாதிரி ஏறுவீங்க? சீரியல் போடணும்."

ஆவணி 7, சனி

தூறல். செந்தில் வந்ததும் பெட்டியைப் போட்டுப் பார்த்தான்.

"இம்புட்டுக் கோபுரமும் யாரும்மா ஏறுனது?"

"வீட்டுல ஒரு பல்லி இருக்கு" என்றாள் கமலா, அடுப்படியிலிருந்து.

என்னைப் பார்த்தான். "அந்தப் பெரிய சர்ச்ச மட்டும் ஏம்ப்பா விட்டீங்க?"

"சாமி இருக்கிற இடம். செருப்புக் காலோட எப்படி ஏற? கழட்டவும் வழியில்ல."

அதே சிரிப்பு. வெகுநேரம். பிறகு, "வேணும்னா வச்சுக்கங்கப்பா."

"வேண்டாம், சொன்ன சொல்லு. குடுத்துரு."

நாக்கு என் பேச்சைக் கேட்பதில்லை.

ஆவணி 8, ஞாயிறு

நல்ல வெயில். செந்தில் கிளம்பும் நேரத்தில் பெட்டியின் வயரைக் காணோம். கட்டிலடி, பீரோ, பரண். கமலாவும் மும்முரமாகத் தேடினாள். "வயர் இல்லாம எப்படிம்மா குடுக்க? கெடக்கட்டும்" என்று போய்விட்டான்.

சோற்றுக்கு அரிசி எடுக்கப் போனேன். கமலா டின் மூடியை அமுக்கிக்கொண்டாள். "நான் எடுக்கிறேன். நீங்க போய் உக்காருங்க."

மூடி இடுக்கில் கறுப்பாக ஒரு முனை. கேமில் ஒற்றனைக் கவனிக்காமல் திரும்பிவிடும் காவல்காரன் மாதிரி வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.