இடது கட்டைவிரல்

இன்று காலை பள்ளிக்கூடத்து வருகைப் பதிவு இயந்திரம் என்னை ஏற்க மறுத்தது. அலுவலக வாசலில் சுவரோடு பொருத்தியிருக்கும் சின்னக் கறுப்புப் பெட்டி அது. ஆசிரியர்கள் வரும்போதும் போகும்போதும் அதில் கட்டைவிரலை வைக்கவேண்டும். ரேகை பிடிபட்டால் பச்சை விளக்கு எரியும். பிடிபடாவிட்டால் சிவப்பு விளக்கோடு, மறுபடி முயலுங்கள் என்று ஆங்கிலத்தில் ஒரு பெண்குரல் வரும். அந்தக் குரலை மூன்று முறை கேட்டேன். எனக்குப் பின்னால் நாலு பேர் நின்றார்கள். அலுவலகத்தில் எழுத்து வேலை பார்க்கும் கிராணி உள்ளேயிருந்தே ஒரு நோட்டை நீட்டினார்.

"சார், விடுங்க லா. புக்ல சைன் பண்ணிட்டுப் போங்க."

நான் கட்டைவிரலை நெற்றியில் தேய்த்துக்கொண்டேன். யோசித்துச் செய்யவில்லை, கை தானாகப் போனது. தோலில் கொஞ்சம் எண்ணெய்ப் பசை பட்டால் ரேகை தெளிவாக விழும் என்பது உன்னிடம் பார்த்தது. நீ தலைமுடியில் தேய்ப்பாய். எனக்கு அந்த வசதி இல்லை.

நீ போய் இரண்டு வருடம் ஆகப்போகிறது. இதுவரை உனக்கு ஒரு வரி எழுதவில்லை. நீ இருந்தபோதும் மளிகைச் சாமான் பட்டியலைத் தவிர வேறு எதுவும் எழுதியதில்லை. ஆனால் நீ ஒரு நாள் சொன்ன ஒன்றை நான் மறுத்துப் பேசினேன். மறுத்ததுதான் பொய். அதை நேர்செய்யாமலே உன்னை அனுப்பிவிட்டேன். இன்று அந்த இயந்திரத்தின் முன்னால் நின்றபோது, இனியும் அதைத் தள்ளிப்போடுவது அசிங்கம் என்று பட்டது.

முப்பத்திரண்டு வயதில், துறைமுகத்துக் கிடங்கு வேலையை விட்டுவிட்டு, ஆசிரியராகப் போகிறேன் என்று நான் சொன்னபோது நீ ஒரே ஒரு கேள்விதான் கேட்டாய். "எத்தன வருஷம்?" ஐந்து என்றேன். இளங்கலையும் முதுகலையும் சேர்ந்த ஆசிரியர் படிப்பு. முதல் நான்கு ஆண்டு பாடங்கள். ஐந்தாம் ஆண்டில்தான் முதுகலை ஆய்வும், பள்ளிக்குப் போய் வகுப்பில் நின்று கற்பிக்கும் பயிற்சியும். நான்காம் ஆண்டோடு நிறுத்திக்கொண்டால் பட்டதாரி என்று சொல்லிக்கொள்ளலாம், ஆசிரியர் என்று சொல்லிக்கொள்ள முடியாது. இதை உன்னிடம் விளக்கிச் சொன்னேன். நீ அரிசியைக் கழுவிக்கொண்டே கேட்டாய்.

எனக்குக் கிடைத்த கல்விக் கடன் நான்கு ஆண்டுக்குத்தான். ஐந்தாம் ஆண்டுக் கட்டணத்தை மாதக் கடைசிக்குள் மொத்தமாகக் கட்டச் சொன்னார்கள். உன் சேமநிதியில் ஒரு பகுதியை ஓய்வு வயதுக்கு முன்பே எடுக்கலாம். ஒன்று வீடு வாங்க, இல்லாவிட்டால் படிக்க. கணவன் படிப்புக்கும் எடுக்கலாம் என்று தொழிற்சாலையில் யாரிடமோ விசாரித்துக்கொண்டு வந்தது நீதான். இரண்டுக்கும் போதுமானது அதில் இல்லை. ரவாங்கில் புதிதாகக் கட்டிய வரிசை வீடுகளின் விளம்பரத் தாள் ஒன்று அப்போது எட்டு மாதமாக நம் ஐஸ்பெட்டியின் கதவில் ஒட்டியிருந்தது. நடு வீடு வேண்டாம், ஓர வீடுதான் வேண்டும் என்று பேனாவால் வட்டம்கூடப் போட்டு வைத்திருந்தாய்.

நான் உன்னிடம் பணம் கேட்கவில்லை. அதைச் சொல்லிக்கொள்வதில் கொஞ்சநாள் எனக்குப் பெருமை இருந்தது. கேட்காததற்குக் காரணம் தெரிந்தால் பெருமை போய்விடும்.

நான்காம் ஆண்டில் மாதிரி வகுப்பு ஒன்று உண்டு. உடன் படிக்கிறவர்களையே மாணவர்களாக உட்காரவைத்து, கால் மணி நேரம் பாடம் நடத்தவேண்டும். அத்தனை பேரும் என்னைவிடப் பத்து வயது சின்னவர்கள். நான் வெண்பலகையில் தலைப்பை எழுதிவிட்டுத் திரும்பினேன். குரல் வரவில்லை. தொண்டையைக் கனைத்துப் பார்த்தேன், வரவில்லை. அந்தப் பிள்ளைகள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலாம். விரிவுரையாளர் "பரவாயில்லை, அடுத்த வாரம் செய்யுங்கள்" என்றார். அடுத்த வாரம் தாளைப் பார்த்து வாசித்துத் தேர்ச்சி பெற்றேன். குரல் வராத அன்று பிரிக்பீல்ட்ஸில் இறங்கி, ஒரு கடையில் உட்கார்ந்து ரெண்டு தேத்தண்ணி குடித்துவிட்டு, ரயிலேறிக் கிள்ளானுக்கு வந்தேன். எப்படிப் போனது என்று கேட்டாய். நல்லாப் போச்சு என்றேன். ஐந்தாம் ஆண்டு முழுவதும் உண்மையான வகுப்புகள், உண்மையான பிள்ளைகள். அதற்குப் பயந்துதான் உன்னிடம் பணம் கேட்கவில்லை.

இந்த நிலைமையில்தான் நீ அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு என்னையும் கூட்டிக்கொண்டு சேமநிதி அலுவலகத்து முகப்புக்குப் போனாய். பாரத்தை நிரப்பியாயிற்று. அடையாள அட்டையைச் செருகி, கட்டைவிரலை வைக்கச் சொன்னாள் முகப்பில் இருந்த மலாய்ப் பெண். வலது விரலை வைத்தாய், சிவப்பு. இடது விரலை வைத்தாய், அதுவும் சிவப்பு. "சுபா லாகி, காக்", மறுபடி வையுங்கள் அக்கா என்று அவள் பொறுமையாகத் திரும்பத் திரும்பச் சொன்னாள். நெற்றியில் தேய்க்கச் சொல்லித் தன் நெற்றியில் செய்தும் காட்டினாள். நீ நெற்றியில் தேய்த்தாய், மூக்கின் ஓரத்தில் தேய்த்தாய், கடைசியில் தேங்காயெண்ணெய் தடவிய கூந்தலில் தேய்த்தாய். ஒன்றும் நடக்கவில்லை. அவள் உன் கையை இழுத்துத் திருப்பிப் பார்த்து, என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டாள். நீ சொன்னதும் தலையாட்டினாள். உன்னைப்போல நிறையப் பேரைப் பார்த்திருப்பாள் போலிருக்கிறது.

பதினாறு வருடம் கையுறைத் தொழிற்சாலையில் இருந்தாய். கை வடிவத்தில் வரிசையாக வரும் சூடான பீங்கான் அச்சுகளிலிருந்து ரப்பர் கையுறையை உருவி எடுப்பது உன் வேலை. ஊரார் கைக்கு உறை செய்கிற இடத்தில் உன் ரேகை அழிந்தது என்று யாராவது மேடையில் பேசினால் கைதட்டு விழும். நீ கேட்டிருந்தால், "சும்மா பேசாதீங்க, சம்பளம் குடுக்கல?" என்று சொல்லியிருப்பாய்.

விரலுக்கு ஓய்வு கொடுங்கள், சோப்பு படாமல் வைத்திருங்கள், இரண்டு வாரம் கழித்து வாருங்கள் என்றாள் அந்தப் பெண். வேறு அலுவலகத்தில் கடிதம் வாங்கி வரவும் வழி உண்டாம், ஆனால் அதற்கு நாளாகும் என்றாள். மாதக் கடைசிக்குச் சரியாக இரண்டு வாரமும் மூன்று நாளும் இருந்தது.

வெளியே வந்து பேருந்து நிறுத்தத்தில் நின்றோம். "சரி விடு, நம்ம கையில என்னா இருக்கு" என்று நான் ஆரம்பித்தேன். நீ ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாய்.

"மெஷின் வேணாம்னு சொன்னப்ப ஒங்க மூஞ்சியப் பாத்தேன். சந்தோஷமா இருந்தீங்க."

"இல்ல லா. சும்மா எதையாச்சும் சொல்லாத."

"இல்லன்னா சரி."

அவ்வளவுதான் நடந்தது. பேருந்து வந்தது, ஏறினோம். நீ அதைப் பற்றி அப்புறம் ஒருநாளும் பேசவில்லை. என்னைப் பார்த்த பார்வையிலும் மாற்றமில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

மறுநாள் காலை இடது கட்டைவிரலுக்குத் தேங்காயெண்ணெய் போட்டு, மெல்லிய துணி சுற்றி, மேலே பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினாய். இரண்டு விரலில் ஒன்று தேறினால் போதும், வலது கை வேலைக்கு, இடது கட்டைவிரல் படிப்புக்கு என்று பங்கு பிரித்தாய். ஒன்பது விரலால் அச்சிலிருந்து உருவினால் வேகம் குறையத்தானே செய்யும். "என்னா லா, ஒரு வெரலுக்கு மட்டும் லீவா?" என்று சூப்பர்வைசர் கேட்டதையும், "ஆமா அண்ணே, அதுக்கு மெடிக்கல் லீவு" என்று நீ சொன்னதையும் வீட்டுக்கு வந்து எனக்கு நடித்தே காட்டினாய். அந்த மாதம் உனக்கு வரவேண்டிய ஊக்கத்தொகை வரவில்லை என்பதைச் சம்பளச் சீட்டைப் பார்த்துத்தான் நான் தெரிந்துகொண்டேன்.

வீட்டில் பாத்திரம், துணி, அரிசி கழுவுவது எல்லாம் என் தலையில் விழுந்தது. நீ பிளாஸ்டிக் நாற்காலியைச் சமையலறை வாசலில் போட்டு உட்கார்ந்து, குக்கர் மூடியின் ரப்பரைக் கழற்றிக் கழுவவேண்டும் என்று சொல்லிக்கொடுத்தாய். அதுவரை அது கழலும் என்பதே எனக்குத் தெரியாது. சாப்பிட்டு முடித்ததும் துணியைப் பிரித்து, விரலை விளக்கடியில் நீட்டுவாய். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்ப்பேன். ஒரு வாரத்தில் நுனியில் கோடு தெரிய ஆரம்பித்தது. ஒன்பதாம் நாள் நடுவில் ஒரு சுழி வந்தது. "வருதா?" என்பாய். "வருது" என்பேன். வந்துகொண்டிருந்தது என் ஐந்தாம் ஆண்டு என்பதும் எனக்குத் தெரியும். ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகப் பயந்தேன், ஒவ்வொரு நாளும் பாத்திரம் கழுவினேன். கழுவாமல் விட்டிருக்கலாம். ஒரே ஒரு நாள் சலித்துக்கொண்டு உன்னைச் சோப்புத் தண்ணீரில் கைவைக்க விட்டிருந்தாலே போதும். அந்த யோசனையும் எனக்கு ஒரு முறை வந்தது, ஒரு சனிக்கிழமை, மீன்சட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது. எழுத உட்கார்ந்தபின் இதை மட்டும் மறைப்பானேன்.

இரண்டு வாரம் கழித்து அதே முகப்பு, அதே பெண். பிளாஸ்டரைப் பிரித்து, விரலைக் கூந்தலில் ஒரு தேய்ப்புத் தேய்த்து வைத்தாய். முதல் தடவையே பச்சை. "ஹா, டாப்பாட்", கிடைத்துவிட்டது என்று அவளே சந்தோஷப்பட்டாள். நீ என் பக்கம் திரும்பி, "இனிமே ஒங்க பாடு" என்றாய்.

அன்று மாலை ஐஸ்பெட்டிக் கதவில் இருந்த விளம்பரத் தாளை எடுத்து, பாத்திர அலமாரியின் கீழ்த்தட்டில் விரித்தாய். ஓர வீட்டைச் சுற்றிய வட்டத்தின்மேல் சாம்பார்ச் சட்டி உட்கார்ந்தது.

பயிற்சிக்குப் போன முதல் நாள், வெண்பலகையில் தலைப்பை எழுதிவிட்டுத் திரும்பியதும் குரல் போனது. எதிர்பார்த்ததுதான். வாசல் கிட்டேதான் இருந்தது. உன் விரலைச் சுற்றியிருந்த பிளாஸ்டர் ஞாபகம் வந்தது. நான் வெளியே போகவில்லை, அவ்வளவுதான். அப்படியே நின்றேன். முன்வரிசையில் இருந்த ஒரு சிறுமி, "சார், தண்ணி வேணுமா?" என்று தன் போத்தலை நீட்டினாள். வாங்கிக் குடித்தேன். பிறகு பேசினேன். அன்று நீ எப்படிப் போனது என்று கேட்டபோது, நல்லாப் போச்சு என்றேன். இம்முறை அது பெரும்பாலும் உண்மை.

வீடு பிறகு வாங்கினோம், ரவாங்கில் இல்லை, கிள்ளானிலேயே, பழைய வீடு, அதுவும் நடு வீடு. நீ அதில் இரண்டு தீபாவளிதான் இருந்தாய். உன் சிறுநீரகம் கெட்ட பிறகு, வேலையை விட்டு வீட்டில் இருந்த அந்தக் கொஞ்ச நாளில், உன் பத்து விரலிலும் ரேகை திரும்ப வந்திருந்தது. மருத்துவமனையில் உன் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது அதைக் கவனித்தேன். பேருந்து நிறுத்தத்தில் நீ சொன்னதற்குப் பதில் சொல்ல அதைவிட நல்ல சமயம் எனக்குக் கிடைத்திருக்காது. டாக்டர் எத்தனை மணிக்கு வருவார் என்பதைப் பற்றிப் பேசினேன்.

இப்போது சொல்கிறேன். ஆமாம். அந்த இயந்திரம் உன்னை வேண்டாமென்று சொன்னபோது நான் சந்தோஷமாகத்தான் இருந்தேன். நீ சரியாகத்தான் பார்த்தாய். பார்த்த பிறகும் விரலுக்குத் துணி சுற்றினாய்.

காலையில் கிராணி நோட்டை நீட்டியபடியே இருந்தார். "இருக்கட்டும்" என்றேன். ஒதுங்கி நின்று, பின்னால் இருந்த நாலு பேரையும் முதலில் வைக்கவிட்டேன். எல்லாருக்கும் பச்சை. அவர்கள் போனபின் நெற்றியில் இன்னொரு முறை விரலைத் தேய்த்து வைத்தேன், சிவப்பு. துடைத்துவிட்டு மறுபடியும் வைத்தேன், பச்சை எரிந்தது. "புக்தான் இருக்கே சார், எதுக்கு இவ்ளோ கஷ்டம்?" என்று கிராணி சிரித்தார். மணி அடித்து இரண்டு நிமிடம் ஆகியிருந்தது. படியேறி, வகுப்பில் போய் நின்றேன்.