கல்லறையிலும் திருடன்

சேலை முந்தானையில் ஒட்டிய மெழுகைச் சுரண்டிக்கொண்டிருக்கிறேன். வாடை மூக்கை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. நேற்று கல்லறைத் திருநாள். திருமுல்கேரி வீட்டிலிருந்து நானும் மகனும் ஆட்டோவில் வந்து, உங்கள் கல்லைக் கழுவிப் பூ வைத்து மெழுகுவத்தி ஏற்றினோம். கல்லில் உங்கள் படத்தைப் பதித்திருக்கிறேன். திட்டாதீர்கள், நம் சனங்கள் எல்லாரும் செய்வதுதான்.

உங்களுக்குப் பிடிக்காது என்று தெரியும். சனத்நகர் பேக்டரியில் ஷிப்ட் முடித்து வந்தவரை மறித்து, முகக்கவசத்தை இறக்கச் சொல்லி போலீஸ் படம் எடுத்ததிலிருந்து, கேமராவைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வீர்கள். ஏதோ கடை வீடியோவில் சங்கிலி பறித்தவன் நீங்கள்தான் என்றது முகங்களைப் பொருத்திப் பார்க்கும் அவர்கள் மெஷின். “மெஷினுக்கு உன் புருஷன் மேல என்னம்மா பகை?” என்று இன்ஸ்பெக்டர் என்னையே கேட்டார். நிஜத் திருடன் பிடிபட்ட பிறகுதான் ஜெயிலிலிருந்து வந்தீர்கள். அதற்குள் வேலை போயிருந்தது. மன்னிப்பு யாரும் கேட்கவில்லை. மெஷினுக்குத்தான் வாய் கிடையாதே.

போலீஸ் எடுத்த படத்தை அழிக்க வேண்டும், மெஷின் சொன்னதை மட்டும் நம்பி யாரையும் பிடிக்கக் கூடாதென்று விதி வேண்டும் என்று ஹைகோர்ட்டுக்குப் போனீர்கள். “சாட்சி பொய் சொன்னா வக்கீல் மடக்குவார். இதை யாரு மடக்குறது?” என்பீர்கள். வாய்தா மேல் வாய்தா. நடுவில் மாரடைப்பு. மனுதாரரே இல்லையென்று வழக்கை மூடினார்கள். படம் மட்டும் இன்னும் மெஷினுக்குள்ளேயே இருக்கிறது.

நேற்று கூட்டத்தில் முகங்களைச் சோதித்துக்கொண்டிருந்த ஒரு கான்ஸ்டபிள், விளையாட்டாக உங்கள் கல்லுக்கு நேரே அந்த மெஷினோடு இணைந்த போனைப் பிடித்தான். அது கீச்சென்றது. “அரே, சோர் மில் கயா!” திருடன் கிடைத்துவிட்டானாம். கூட நின்ற போலீஸ்காரர்கள் சிரித்தார்கள். பிறகு அவன் கண் நம் மகன் மேல் போனது.

இந்தத் தெலுங்கு ஊரிலேயே பிறந்து, வீட்டில் எதற்கும் தெலுங்கிலேயே பதில் சொல்லும் பிள்ளை, “அம்மா, படம் எடுக்க விடாதீங்க” என்று தமிழில் கெஞ்சினான். குறுக்கே போய் நின்றேன். என் உயரம் உங்களுக்குத் தெரியாதா? தலைக்கு மேலாகவே எடுத்துவிட்டான். மறுபடியும் கீச். இன்றைக்கு ஸ்டேஷனுக்கு வரச் சொல்லியிருக்கிறான்.

உள்ளே சட்டை மாட்டிக்கொண்டிருக்கிறான். கிளம்ப வேண்டும். அவன் பேரில் புது மனுப் போட வக்கீலிடம் பேசிவிட்டேன். உங்கள் சண்டையை நான் விடுவதாக இல்லை. ஆனால் ஒன்று. நீங்கள் பெண் பார்க்க வந்த அன்று இந்த முகத்தைப் பார்த்துத்தான் சரி என்றேன். அப்பாவை உரித்து வைத்த மாதிரி பிள்ளை என்று ஊரெல்லாம் பெருமையடித்தேன். நேற்று உங்கள் கல்லருகே நின்றுகொண்டு, இந்த முகம் அவனுக்கு வராமலே இருந்திருக்கலாம் என்று நினைத்தேன். இன்னும் அப்படித்தான் நினைக்கிறேன்.